எந்த மேலறையில்

தூங்கும்போதுகூடத் தன் இதயம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று முதலில் சொன்னவள் த்ரிசலாதான். வேங்கிக்காலில் புதிதாகத் திறந்த இருதய மருத்துவமனையில், டாக்டர் தென்றலின் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், பேச்சைத் தொடங்குவதற்குள் அவள் இரண்டு முறை மூச்சிழுத்துவிட வேண்டியிருந்தது. பிறகு இடது கையை மேஜைமேல் நீட்டி மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினாள்.

"பாருங்க மேடம். இப்ப நூத்தி முப்பது. மைதானத்துல நின்னாலும் நூத்தி முப்பது. படுத்துத் தூங்கினாலும் அதே நூத்தி முப்பது. டென்ஷன்னு சொல்றாங்க. தூங்கறப்போ எனக்கு இன்னா டென்ஷன்?"

அரசு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை அவள். முப்பத்திரண்டு வயது. எறிபந்து அணியைக் கூடவே ஓடிப் பழக்கியவள், ஒரு வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுகிறாள். கொஞ்ச நாளாக அந்த விசிலுக்கும் மூச்சு போதவில்லை. பக்கத்தில் நின்றிருந்த கணவன் சுதீர், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவன். ஸ்கேன் படங்கள் இருந்த பையை அவன் இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

அந்தப் பைக்குள் இருந்த தீர்ப்பு தென்றலுக்கு ஏற்கெனவே தெரியும். இதயத் தசை பலவீனம். நூறுக்கு அறுபது பம்ப் செய்ய வேண்டிய இதயம் இருபத்தெட்டுதான் செய்கிறது. மாத்திரை சாப்பிட வேண்டும், ஓடக் கூடாது, குழந்தையைப் பற்றி நினைக்கவே கூடாது, பின்னால் ஒரு நாள் வேறு இதயம் தேட வேண்டி வரலாம். வேறு ஊரில் ஒரு மருத்துவர் இப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த மருத்துவமனையின் தலைமை இருதய நிபுணர் அருணகிரியும் எக்கோ பார்த்துவிட்டு அதையே சொன்னார். பலவீனமான இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுவிடாமல் இருக்க, தோளுக்குக் கீழே ஒரு காவல் கருவி பொருத்தலாமா என்று கேட்டுத்தான் த்ரிசலாவை தென்றலிடம் அனுப்பியிருந்தார். தென்றல் இதயத்தின் மின்சாரத்தைப் படித்தவள். சென்னையில் பத்து வருடம் அதே வேலையாக இருந்துவிட்டு, இங்கே புதிய லேப் வருகிறது என்றதும் சொந்த ஊரான செய்யாறுக்குப் பக்கமென்று வந்து சேர்ந்தவள்.

கருவியைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை.

"டீச்சர், பசங்களோட ஓடினா உங்க பல்ஸ் இன்னும் ஏறுமா?"

"ஏறாது மேடம். அதான் எனக்கே வேடிக்கையா இருக்கு. இறங்கவும் இறங்காது."

தென்றல் ஈசிஜி தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது, வேகம்தான் ஜாஸ்தி. இயல்பான இதயம் பயந்துபோய் வேகமாகத் துடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் பயந்த இதயம் தூக்கத்தில் அடங்கும், ஓடினால் ஏறும். இரவும் பகலும் ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இதயத்தை யாரோ உள்ளேயிருந்து விரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. மேலறைத் துடிப்பைக் காட்டும் சின்ன மேடு, பி அலை என்பார்கள், அதைத் தேடினாள். அது முந்தைய துடிப்பின் வாலுக்குள் புதைந்து கிடந்தது.

"நாளைக்கு ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம். கொஞ்சம் மோசமான ஊசி. ஒரு அஞ்சாறு செகண்ட் உயிரே போற மாதிரி இருக்கும், ஆனா போகாது. நான் பக்கத்துலயே இருப்பேன்."

"போடுங்க மேடம்," என்றாள் த்ரிசலா. சுதீர்தான் பையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில், அருணகிரியும் கைகளைக் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். நல்ல மருத்துவர் அவர், அவசரப்படாதவர். தென்றல் சொன்னதைக் கேட்டு அவர் மறுக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

"ஹார்ட் வீக்கா இருக்கு, அதனால வேகமா அடிக்குது. இது தினமும் நாம பார்க்கறதுதானே தென்றல்?"

"வேகமா அடிச்சு அடிச்சு வீக் ஆகியிருந்தா சார்?"

தென்றல் ஊசியைச் செலுத்தினாள். மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் வழியைச் சில நொடிகளுக்கு அடைத்துவிடுகிற மருந்து அது. த்ரிசலாவின் முகம் சிவந்தது. கண்கள் அகன்று, கை தென்றலின் கோட்டைப் பற்றியது. திரையில் பெரிய துடிப்புகள் சட்டென்று நின்றுபோயின. நர்ஸ் தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். ஆனால் கோடு வெறுமையாக இல்லை. சின்னச் சின்ன மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, எதுவுமே நடக்காதது போல அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. கீழறை நின்றும் மேலறை நிற்கவில்லை.

பெரிய துடிப்புகள் திரும்பி வந்தன. த்ரிசலா மூச்சை இழுத்துவிட்டு, "இன்னொரு வாட்டி வேணாம் மேடம்," என்றாள்.

"வேணாம் டீச்சர். வேணுங்கறது கெடைச்சிருச்சு."

தாளைக் கிழித்து தென்றல் ஜன்னலோரம் கொண்டுபோனாள். அருணகிரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். இப்போது பி அலைகள் தனியாக, சுத்தமாக இருந்தன. இயல்பாகத் துடிப்பு பிறக்கும் இடத்திலிருந்து வந்த அலைகள் அல்ல அவை. மேலறையின் ஏதோ ஒரு மூலையில், ஒரு கடுகளவு இடம் தன்னிஷ்டத்துக்கு மின்சாரம் அடித்து மொத்த இதயத்தையும் ஒரு வருடத்துக்கு மேலாக விரட்டியிருக்கிறது. ஏட்ரியல் டாக்கிகார்டியா. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டுவிட்டால் போதும்.

"எந்தப் பக்கம்னு நெனைக்கறீங்க?" என்றார் அருணகிரி.

தென்றல் வி ஒன் என்ற வரியில் விரலை வைத்தாள். மார்பெலும்புக்கு வலதுபுறம் ஒட்டும் பட்டையிலிருந்து வருவது அது. "வலது மேலறை இந்தப் பட்டைக்குப் பக்கத்துலயே இருக்கு. அங்க பொறக்கற அலை இதை விட்டு விலகிப் போகும், கீழ இறங்கும். இல்லன்னா ஏறி இறங்கும். இடது மேலறை பின்னால, முதுகெலும்புக்கு முன்னாடி இருக்கு. அங்கேர்ந்து வர்றது இந்தப் பட்டையப் பார்த்து வரும். இது முழுசா மேலயே நிக்குது பாருங்க. இடதுதான் சார்."

"வலது மேலறையோட உச்சியிலேர்ந்து வந்தாலும் சில சமயம் இப்படி இருக்கும்."

"சில சமயம்."

"இடதுன்னா நடுச்சுவரைக் குத்தித் தாண்டணும். இந்த லேப்ல இதுவரைக்கும் யாரும் தாண்டினதில்ல. ஹார்ட்டோ இருபத்தெட்டு. வேலூருக்கு அனுப்பிடலாமா?"

தென்றல் யோசித்தாள். அனுப்புவதில் வெட்கமில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சுவர் தாண்டுவது அவளுக்குப் புதிதல்ல. சென்னையில் வாரத்தில் இரண்டு மூன்று செய்தவள். லேப்தான் புதிது, கை பழையது. "கருவியெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். சர்ஜனும் இருக்காங்க. நானே பண்றேன்," என்றாள். அருணகிரி தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார். "அப்ப நானும் உள்ள இருப்பேன்," என்றார்.

சுதீரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். தொடையிலிருக்கும் ரத்தக்குழாய் வழியாகக் கம்பி போன்ற மெல்லிய குழாய்கள் உள்ளே போகும். வலது மேலறையில் முதலில் தேடுவோம், அங்கே இல்லையென்றால் நடுச்சுவரைத் தாண்டுவோம். ரத்தம் கசியலாம், ரத்தக்கட்டி நகர்ந்து மூளைக்குப் போகலாம். நடப்பது அரிது, ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். அவன் கடைசிவரை கேட்டான்.

"பண்ணலன்னா மேடம்?"

"இதே வேகத்துல இன்னும் பலவீனமாகும்."

"பண்ணிட்டா? அந்தப் பம்பிங் திரும்பி வருமா?"

"வரும்னுதான் நெனைக்கறேன். விரட்டறது நின்னா, இதயம் தானா தேறிக்கும். அதுக்குக் கொஞ்ச மாசம் குடுக்கணும்."

அவன் தலையாட்டினான். வெளியே போனவன் கதவிலிருந்தே திரும்பி, "மேடம், அவ பொழுது போறதுக்கு முன்னாடி சாப்ட்டுடுவா. எங்க ஜைன வீடுகள்ல அப்படித்தான். வார்டுல ராத்திரி எட்டு மணிக்குத் தர்றாங்க, நேத்து பட்டினியாவே படுத்துட்டா," என்றான். தென்றல் போனை எடுத்து, த்ரிசலாவுக்கு மட்டும் ஐந்தரைக்கே சாப்பாடு அனுப்பச் சொன்னாள்.

பௌர்ணமிக் கூட்டம் வந்துவிட்டுப் போன மறுநாள் சிகிச்சையை வைத்துக்கொண்டார்கள். கிரிவலப் பாதையில் அடைப்பெல்லாம் எடுத்து, ரோடு திறந்த பிறகு. எது அவசரமென்றாலும் ஆம்புலன்ஸ் போக வழி வேண்டுமே என்றது அருணகிரிதான்.

த்ரிசலாவுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் அந்தத் திருட்டு இடமும் தூங்கிவிட்டால் தேடவே முடியாது. தொடையில் மட்டும் மரப்பு ஊசி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கணினிகளின் முன்னால் செழியன் உட்கார்ந்திருந்தான். இதயத்தின் உட்புறத்தை முப்பரிமாணப் படமாக வரைந்து காட்டுகிற இயந்திரத்தை இயக்குகிறவன். குழாயின் நுனி சுவரைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் மின்சாரம் எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டே போகும் அது. முதலில் வரும் இடம் சிவப்பு, கடைசியில் வருவது ஊதா.

தென்றல் வலது மேலறையில் தொடங்கினாள். கீழே, பக்கவாட்டில், நடுச்சுவரில், எல்லாம் நீலமும் பச்சையுமாக இருந்தது. மேலே போகப் போக மஞ்சளாகி, தலையிலிருந்து ரத்தம் இறங்கி வரும் பெரிய குழாய் சேருகிற பின்சுவரில் சிவந்தது.

"மேடம், ரெட்," என்றான் செழியன் மைக்கில். "பி அலைக்குப் பதினஞ்சு மில்லிசெகண்ட் முன்னாடி."

அருணகிரியின் குரலும் வந்தது. "அப்ப வலதுதானே? அங்கேயே சுட்டுடலாம், தென்றல். தாண்ட வேண்டியதே இல்ல."

தென்றல் திரையைப் பார்த்தாள். சிவப்பு இருந்தது, ஆனால் பரவிக் கிடந்தது. ஊற்றுக்கண் இப்படி இருக்காது. ஒரே புள்ளியிலிருந்து வளையம் வளையமாக விரியும். பதினைந்து மில்லிசெகண்ட் என்பதும் கம்மி. நுனியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெரிதாக்கச் சொன்னாள். முதலில் சின்னதாக மேலே எழுந்து பிறகுதான் கீழே இறங்கியது. அலை எங்கிருந்தோ இந்த இடத்தை நோக்கி வந்து, பிறகுதான் இதைக் கடந்து போகிறது. இங்கே பிறந்திருந்தால் அந்த முதல் எழுச்சி இருக்கவே இருக்காது.

"இது இங்க பொறக்கல சார். இங்க வந்து சேருது."

"ஒரு தடவை சுட்டுப் பார்த்தா தெரிஞ்சுடுமே."

"இருங்க, ஒண்ணு பாத்துடறேன்." அந்த இடத்திலிருந்தே குழாய் வழியாகக் கொஞ்சம் பலமான மின்துடிப்பைக் கொடுத்தாள். த்ரிசலாவின் வயிறு குலுங்கியது. "ஹிக்" என்று விக்கல் வந்தது. மறுபடி ஒரு துடிப்பு, மறுபடி விக்கல்.

"என்ன மேடம் இது, சாப்பிடவே இல்லியே நானு?" என்றாள் த்ரிசலா.

"ஒண்ணுமில்ல டீச்சர், நான்தான்." மைக்கின் பக்கம் திரும்பினாள். "சார், உதரவிதானத்துக்குப் போற நரம்பு நேரா இதுக்குப் பின்னால போகுது. இங்க சும்மா சுட்டுப் பார்த்தா அது செத்துடும். இவங்க மூச்சு பாதியாயிடும். நான் சுடமாட்டேன்."

தென்றலுக்குத் தன் கையுறைக்குள் விரல்கள் ஈரமாக இருப்பது தெரிந்தது. ஆனால் மனது கலங்கவில்லை. இந்தப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வலது நுரையீரலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் மேல் குழாய், இந்தச் சுவரை உரசிக்கொண்டுதான் இடது மேலறையில் போய்த் திறக்கிறது. பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால் நம் வீட்டுச் சுவர் அதிர்வதைப் போல, அங்கே பிறப்பது இங்கே சீக்கிரம் கேட்டுவிடுகிறது. வி ஒன் வரி சொன்னதும் அதைத்தான்.

"சரி," என்றார் அருணகிரி. "தாண்டுங்க."

"மேடம், வலதா இடதான்னு முடிவாயிடுச்சா?" பச்சைத் துணிக்கு அடியிலிருந்து த்ரிசலா கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இடது, டீச்சர். நடுவுல ஒரு சுவர் இருக்கு, தாண்டணும்."

"தாண்டுங்க. என் பொண்ணுங்களுக்கு நான் சொல்றதும் அதான். வலையப் பார்க்காத, அந்தப்பக்கம் பாரு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். தென்றல் சிரிக்கவில்லை, ஆனால் தோள்கள் கொஞ்சம் இறங்கின. ஊசியை நடுச்சுவரின் மெல்லிய சவ்வில் வைத்தாள். உள்ளே போயிருந்த சிறு ஸ்கேன் குழாயின் படத்தில் சவ்வு கூடாரம் போல அந்தப்பக்கம் புடைத்தது. இன்னும் சற்று அழுத்தினாள். கூடாரம் சட்டென்று விழுந்தது. தாண்டியாயிற்று. ரத்தம் உறையாமலிருக்க மருந்து போடச் சொல்லிவிட்டு, ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். அசையவில்லை.

இடது மேலறையில் அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. வலது நுரையீரலிலிருந்து வரும் அந்த மேல் குழாயின் வாயில், முன் விளிம்பில் நுனி தொட்டபோது செழியன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "நாப்பத்தெட்டு மேடம்! நாப்பத்தெட்டு முன்னாடி!" சிவப்பு இப்போது ஒரு மிளகளவுதான் இருந்தது. சமிக்ஞை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாகக் கீழே இறங்கியது.

அவள் நுனியைச் சற்றே திருத்தி வைக்கப் போன அந்தக் கணம் திரையில் துடிப்பு தடுமாறி, நின்று, மெதுவாக மறுபடி தொடங்கியது. எண்பது. உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"யாரும் சந்தோஷப்படாதீங்க," என்றாள் தென்றல். "குழாய் இடிச்சதுல நின்னிருக்கு. நான் இன்னும் சுடவே இல்ல. செழியன், அந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க."

இதுதான் அவளுக்கு அன்றைக்குப் பொறுக்க முடியாத பகுதியாக இருந்தது. இடித்த இடத்திலேயே குருட்டாம்போக்கில் சுட்டுவிட்டு வரலாம். சரியாக இருக்கலாம், ஓரமாகப் பட்டு நாளைக்கே திரும்பியும் வரலாம். அவள் குழாயைப் பின்னுக்கு எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். இதயத்தைத் தூண்டும் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. தொண்ணூறு. நூறு. எதுவும் இல்லை. அருணகிரி உள்ளேயே வந்து நின்றுகொண்டார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அதற்காக தென்றலுக்கு அவர்மேல் நன்றியாக இருந்தது. பிறகு ஒற்றையாக ஒரு துடிப்பு, ஜோடியாக இரண்டு, தொடர்ந்து படபடவென்று பழைய ஓட்டம் வந்துவிட்டது.

"வந்துடுச்சு மேடம்," என்றாள் த்ரிசலா சோர்ந்த குரலில்.

"நான்தான் வரச் சொன்னேன். இப்பப் போகச் சொல்றேன்."

குறித்த இடத்திலேயே நுனியை வைத்தாள். இங்கே துடிப்புக் கொடுத்துப் பார்த்தபோது விக்கல் வரவில்லை. நரம்பு விலகித்தான் போகிறது. மறுபடி நாற்பத்தெட்டு. "ஆன்," என்றாள், சுடும் மின்சாரத்தைத் திறக்கச் சொல்லி. ஓட்டம் முதலில் இன்னும் வேகமெடுத்தது, மிதிபட்ட பூச்சி போல. பிறகு வெட்டியது போல நின்றது. ஒரு இடைவெளி. அப்புறம் இயல்பான துடிப்பு, இயல்பான இடத்திலிருந்து. வி ஒன் வரியில் அலை ஏறி, இறங்கியது.

த்ரிசலா திடீரென்று கையைத் தூக்கப் பார்த்தாள். "மேடம்... மேடம், நின்னுடுச்சா? உள்ள ஒண்ணுமே கேக்கல."

ஒரு வருடத்துக்கு மேலாகக் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்த சத்தம் போனதில் பயந்துவிட்டாள் என்பது தென்றலுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது.

"நிக்கல டீச்சர். இவ்வளவு நாள் ஓடிச்சு, இப்ப நடக்குது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

த்ரிசலா கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் வழிந்து காதுப்பக்கம் போனது. நர்ஸ் அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். தூண்டும் மருந்தை மறுபடி ஏற்றி, வெகுநேரம் காத்துப் பார்த்தார்கள். அந்த ஓட்டம் அதற்குப் பிறகு வரவே இல்லை.

மூன்று மாதம் கழித்து வர வேண்டிய நாளில் த்ரிசலா வரவில்லை. தென்றல் எரிச்சலோடு போன் செய்தால் சுதீர் எடுத்தான். "மண்டலப் போட்டி மேடம், பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு ஆரணி போயிருக்கா. சொன்னா கேக்கறாளா?" மறுநாள் அவள் வந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

எக்கோவை அருணகிரியே செய்தார். கீழறை சுருங்குவதை அளந்தார். அளந்ததை அழித்துவிட்டு வேறு கோணத்தில் மறுபடி அளந்தார். பிறகு திரையை தென்றலின் பக்கம் திருப்பினார். ஐம்பத்தாறு.

"இவங்களுக்கு அந்தக் கருவியப் பொருத்திட்டு, நல்ல காரியம் பண்ணோம்னு நெனச்சிருப்பேன்," என்றார் மெதுவாக. பிறகு த்ரிசலாவைப் பார்த்து, வழக்கமான குரலில், "தசையெல்லாம் நல்லா ஆயிடுச்சும்மா. மாத்திரை ஒண்ணைக் குறைச்சுடலாம். இன்னும் ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க," என்றார்.

த்ரிசலா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். கேட்க வந்ததைக் கேட்காமல் சுதீரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"குழந்தை பத்தித்தானே?" என்றாள் தென்றல். "அந்த ஆறு மாசம் போகட்டும். அப்பவும் இதே மாதிரி இருந்தா, யாரையும் கேக்க வேண்டாம். மகப்பேறு டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

அவர்கள் வெளியே போனார்கள். லிஃப்டுக்கு முன்னால் சக்கர நாற்காலிகளோடு ஒரு வரிசை நின்றிருந்தது. த்ரிசலா அதைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "ஏ, மெதுவா போ," என்று சொல்லிக்கொண்டே சுதீர் பின்னால் இறங்குவதற்குள், அவள் கீழ்த் தளத்துக்கே போய்விட்டாள்.